'ங்கா' என்றால் 'ங்கா' என்று சொல்லுங்கள்: முதல் மூன்று வருடம் குழந்தையோடு என்ன செய்வது

பாப்பாவுக்கு ஆறு மாதம் ஆகிறது, மூளை வளர என்ன பொம்மை வாங்கலாம், ஃபிளாஷ் கார்டு எப்போது ஆரம்பிக்கலாம், எந்த ரைம்ஸ் சேனல் நல்லது என்று மாதம் ஒருவராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். நான் டாக்டர் இல்லை. மூத்தவளுக்குக் கடையில் இருந்ததையெல்லாம் வாங்கிக் குவித்து, அவள் அதையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு அது வந்த அட்டைப்பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்து, இளையவனுக்கு ஏறக்குறைய ஒன்றுமே வாங்காமல் வளர்த்த ஓர் அப்பா. இடையில் இதைப் பற்றிக் கையில் கிடைத்ததைப் படித்தவன். அவ்வளவுதான் என் தகுதி. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: இன்றைக்கு எதுவும் வாங்க வேண்டாம், குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டு முகத்துக்கு நேரே குனிந்து, அது 'ங்கா' என்றால் நீங்களும் 'ங்கா' என்று சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள்.

காத்திருப்பதுதான் கஷ்டம். கேட்டதை உள்ளே வாங்கி, நாக்கையும் உதட்டையும் தேடிப்பிடித்து, திரும்ப ஒரு சத்தம் போடுவதற்குக் குழந்தைக்குப் பல நொடிகள் ஆகும், அதற்குள் நாம் பொறுக்கமாட்டாமல் அடுத்த கொஞ்சலை ஆரம்பித்துவிடுகிறோம். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஏழிலோ எட்டிலோ கால் உதைக்கும், கண் விரியும், ஒரு 'ஊ' வரும். அதற்கு நீங்கள் மறுபடி பதில் சொல்லுங்கள். வயது ஏற ஏற இந்தப் பேச்சுவார்த்தையின் பொருள்தான் மாறும், முறை மாறாது.

முதல் மூன்று மாதம்

பிறந்த குழந்தைக்குக் கண் தெரியும், ஆனால் 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கிற தூரம் அது. தொட்டிலுக்கு மேலே உயரத்தில் சுற்றும் பொம்மை முதல் சில வாரங்களுக்கு வெறும் கலங்கல். காதின் கதை வேறு, அது வயிற்றுக்குள்ளேயே வேலையை ஆரம்பித்துவிடுகிறது. 1980இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள்: பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்து, ஒரு மாதிரி சப்பினால் சொந்த அம்மாவின் குரலும் வேறு மாதிரி சப்பினால் இன்னொரு பெண்ணின் குரலும் கேட்கும்படி வைத்தார்கள், குழந்தைகள் அம்மா குரல் வரும் விதமாகச் சப்புவதை மாற்றிக்கொண்டன. மூன்று நாள் ஆகாத குழந்தைக்கு விருப்பம் இருக்கிறது, தான் ஒன்று செய்தால் ஒன்று நடக்கும் என்பதும் பிடிபடுகிறது.

கொஞ்சிப் பேசலாமா, பெரியவர்களிடம் பேசுவதுபோல் பேச வேண்டுமா என்று படித்தவர்கள் வீட்டில் ஒரு சண்டை நடக்கும். தாராளமாகக் கொஞ்சுங்கள். குரலை உயர்த்தி, உயிரெழுத்தை இழுத்து, "என்ன்ன்ன பண்றாங்க என் தங்கம்" என்று பாட்டிகள் பேசும் அதே ராகத்தைத்தான் குழந்தைகள் அதிகம் கவனிக்கிறார்கள். 2020இல் பல நாடுகளைச் சேர்ந்த 67 ஆய்வுக்கூடங்கள் ஒன்றாகச் செய்த ஆய்விலும் அதுவே உறுதியானது. மம்மு, பாச்சி, தாச்சி எல்லாம் சொல்லலாமா என்றால், சொல்லலாம், உதட்டுக்கும் நாக்குக்கும் சுலபமான ஒலிகள் அவை, பின்னால் தானாகவே சோறாகவும் பாலாகவும் தூக்கமாகவும் மாறிவிடும். ராகம் கொஞ்சலாக இருக்கட்டும், நடுநடுவே நிஜமான சொற்களும் இருக்கட்டும்.

"அதுகூட என்ன பேசறது, அதுக்குத்தான் ஒண்ணும் புரியாதே" என்பவர்களுக்கு, குறிப்பாக என்னைப் போன்ற அப்பாக்களுக்கு: கை செய்வதை வாய் சொன்னால் போதும். "ஜட்டி நனைஞ்சுபோச்சா, சரி கழட்டுவோம், ஒரு கால், இன்னொரு கால், ஆச்சு." முதல் இரண்டு நாள் கிறுக்குத்தனமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். குளியல் நேரம் இன்னும் நல்லது. காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் பாட்டி ஒவ்வொரு நாளும் ஒரே வரிசையில் கை, கால், தொப்பை, முதுகு என்று பெயர் சொல்லிக்கொண்டே தேய்க்கிறார், சில வாரங்களில் குழந்தைக்கு அடுத்து முகத்தில் தண்ணீர் வரும் என்பது தெரிந்து கண்ணை முன்னாலேயே மூடிக்கொள்கிறது. அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பதுதான் கற்றலின் முதல் பாடம். (அதே பாட்டி மூக்கில் ஊதுவதையும், காதில் எண்ணெய் விடுவதையும், கடைசியில் சாம்பிராணிப் புகையில் காட்டுவதையும் மட்டும் நைசாகப் பேசி நிறுத்திவிடுங்கள். எங்கள் வீட்டில் அதற்கு மூன்று வாரம் பிடித்தது.)

இந்தப் பருவத்தில் ஒரே ஒரு ஆய்வை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் செய்ததைச் சொல்வேன். அம்மா குழந்தையோடு சிரித்து விளையாடுவார், பிறகு சொல்லி வைத்தபடி கொஞ்ச நேரம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் கல் மாதிரி குழந்தையைப் பார்ப்பார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும், பதில் வராவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பல குழந்தைகள் அழுதேவிடும். போன் பார்க்கும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்பதை யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள். நான் பார்த்தேன். பால் புட்டியைப் பிடித்துக்கொண்டு வாட்ஸப் பார்ப்பதை அன்றோடு விட்டேன், முழுக்க விட்டேன் என்று சொன்னால் பொய், பாதியாவது விட்டேன். ஒரு நாளில் கொஞ்ச நேரம் பதில் தராமல் போனால் ஒன்றும் ஆகிவிடாது, அம்மா மறுபடி சிரித்ததும் அந்தச் சோதனைக் குழந்தைகள் திரும்பி வந்தார்கள். நாள் முழுக்க அப்படியே போவதுதான் பிரச்சினை.

தரையில் விடுங்கள்

நம் வீடுகளில் குழந்தை ஒன்று தூளியில் இருக்கும், இல்லை இடுப்பில் இருக்கும். இரண்டுமே அதற்குச் சுகம்தான். ஆனால் முழித்துக்கொண்டு தூளியில் கிடந்தால் சுற்றிலும் சேலைத் துணியைத் தவிர வேறெதுவும் தெரியாது, கைகாலை ஊன்ற இடமும் இருக்காது. முழித்திருக்கும் நேரத்தில் பாய் விரித்துக் குப்புறப் போடுங்கள், நீங்களும் எதிரே குப்புறப் படுங்கள். இன்னும் நகரத் தெரியாத குழந்தைக்கு ஒரு நாளில் மொத்தமாக 30 நிமிடமாவது இப்படிக் குப்புறப் போட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரேயடியாக வேண்டாம், இரண்டு இரண்டு நிமிடமாகத் துண்டு துண்டாகச் செய்தால் போதும், சிணுங்கினால் தூக்கிக்கொள்ளலாம். கழுத்து உறுதியாவதும், தோளில் பலம் வருவதும், பிறகு தவழ்வதும் இங்கிருந்துதான் ஆரம்பம். தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான், சமதளத்தில், தலையணை இல்லாமல்.

எத்தனையாவது மாதம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் பக்கத்து வீட்டுக் குழந்தை பத்தாவது மாதமே நடந்துவிட்டதாக யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிடிக்காமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள், தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள். எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்கள். கையையும் முட்டியையும் ஊன்றித் தவழாமலேயே 4.3 சதவீதக் குழந்தைகள் நேராக நடக்கப் போய்விட்டார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல் டாக்டர் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணுங்கள், இரண்டு வயது வரை அப்படித்தான்.

வாக்கர் வேண்டாம். நடுவில் குழந்தையை உட்கார வைத்து சக்கரத்தில் உருள விடும் அந்தப் பிளாஸ்டிக் வண்டி நடையைச் சீக்கிரம் கொண்டுவருவதில்லை, படியில் உருண்டு விழவும் அடுப்பங்கரைச் சூடான பாத்திரத்தை எட்டிப் பிடிக்கவும்தான் உதவுகிறது. கனடாவில் 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நம் பழைய மரத்து நடைவண்டி வேறு விஷயம், அதில் குழந்தை தன் காலில் நின்று தானே தள்ள வேண்டும். எழுந்து நிற்கத் தெரிந்த பிறகு கொடுங்கள், கூடவே இருங்கள்.

ட-வும் த-வும்

எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீளும். கனடாவில் ஜேனட் வெர்க்கர் என்பவரும் ரிச்சர்ட் டீஸ் என்பவரும் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியில் நாக்கு பல்லில் படும் 'த' உண்டு, நாக்கு மேலண்ணத்துக்கு மடங்கும் 'ட' உண்டு, நமக்கும் அப்படித்தான். இங்கிலீஷ் மட்டும் தெரிந்த பெரியவர்களுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் சரியாகக் கேட்காது. ஆனால் இங்கிலீஷ் வீட்டில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுக்குக் கேட்டது! அதே வீடுகளில் பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளைச் சோதித்தபோது பெரும்பாலோர் அந்தத் திறனை இழந்திருந்தார்கள். அதாவது எந்த மொழியையும் பிடித்துக்கொள்ளும் காதோடுதான் எல்லாக் குழந்தையும் பிறக்கிறது, முதல் வயது முடிவதற்குள் தன் வீட்டில் கேட்கும் ஒலிகளுக்கு அந்தக் காது பழகி, கேட்காத வித்தியாசங்களைக் கைவிட்டுவிடுகிறது. ல, ள, ழ மூன்றும் உங்கள் பிள்ளைக்கு வேறு வேறாகக் கேட்க வேண்டும் என்றால் அதற்கான வகுப்பு பள்ளிக்கூடத்தில் இல்லை, தொட்டில் பக்கத்தில் நடக்கிறது. டல்லாஸிலும் டொராண்டோவிலும் இருக்கும் பெற்றோர்கள் 'கொஞ்சம் பெரிசானதும் தமிழ் சொல்லிக்கொடுக்கலாம்' என்று தள்ளிப்போடுவதைப் பார்க்கும்போது எனக்குச் சொல்லத் தோன்றுவது இதுதான். அதற்காக ஒரு வயதுக்குப் பிறகு முடியவே முடியாது என்று பயப்பட வேண்டாம், முடியும், கஷ்டம் கூடும்.

சரி, வீட்டில் தமிழ் கேட்க வேண்டும், அதனால் தமிழ்ப் பாட்டு வீடியோவைப் போட்டுவிட்டால் போதாதா? போதாது. அமெரிக்காவின் சியாட்டலில் பட்ரீசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு, சீன மொழியான மாண்டரின் பேசும் ஒருவர் நேரில் உட்கார்ந்து புத்தகம் காட்டி, பொம்மை காட்டி 12 முறை விளையாடினார். அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலி வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டன. அதே ஆளை, அதே பேச்சை டிவியில் காட்டியபோது ஒன்றுமே ஏறவில்லை. டிவியில் இருப்பவர் குழந்தையின் கண் போகும் இடத்தைப் பார்ப்பதில்லை, 'ங்கா'வுக்குப் பதில் சொல்வதும் இல்லை.

இதையே திருப்பிப் போட்டால் வீடியோ கால் ஏன் பரவாயில்லை என்பதும் புரியும். துபாயில் இருக்கும் அப்பாவோ ஊரில் இருக்கும் தாத்தாவோ போனில் நேருக்கு நேர் "குட்டி எங்க, மூக்கு எங்க" என்று கேட்டு, குழந்தை செய்ததற்கு உடனே சிரித்தால் அது பேச்சுவார்த்தைதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம்கூட 18 மாதத்துக்குள் திரை வேண்டாம் என்று சொல்லும்போது வீடியோ காலுக்கு மட்டும் விலக்குத் தருகிறது. மற்றபடி உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயதுவரை திரை வேண்டாம், அதன்பிறகு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சாப்பாடு ஊட்ட போன் கொடுக்கும் பழக்கம் இருந்தால் ஒரே நாளில் நிறுத்தப் பார்க்காதீர்கள், முதலில் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் நிறுத்தி, வாசலில் காக்காவைக் காட்டி ஊட்டுங்கள், ஒரு வாரம் குறைவாகத்தான் சாப்பிடும், தாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. எழுத்தில் இருக்கிறது, பேச்சில் இல்லை. "இங்கவாடாதங்கம்பால்குடிக்கலாம்" என்றுதான் குழந்தைக்குக் கேட்கிறது, அதிலிருந்து 'பால்' எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அது தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். அடிக்கடி ஒட்டிக்கொண்டே வரும் ஒலிகளைக் குழந்தைகள் ஒரு சொல்லாகப் பிரித்தெடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1996இல் ஜென்னி சாஃப்ரன் குழுவினர் எட்டு மாதக் குழந்தைகளுக்கு அர்த்தமில்லாத ஒலித்தொடரை இரண்டே நிமிடம் கேட்கவிட்டுச் சோதித்தபோது அந்த நேரத்துக்குள்ளேயே பிரிக்க முடிந்தது. நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு சொல்லைத் தனியாக, வாக்கியத்தின் தொடக்கத்தில், நடுவில், கடைசியில் என்று மாற்றி மாற்றி வையுங்கள். "பந்து. இந்தா பந்து. பந்து எங்க போச்சு? அய்யோ, உருண்டுபோச்சே பந்து!" நம் பாட்டிகள் ஒன்றையே நாலு தரம் சொல்வது இதற்குத்தான்போலும்.

வீட்டில் இரண்டு மூன்று மொழி இருந்தால் குழம்பிப்போய்ப் பேச்சு தாமதமாகும் என்று டாக்டர்கள் சிலரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. அம்மா தெலுங்கு, அப்பா தமிழ், காலனியில் இங்கிலீஷ் என்றால் குழந்தை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சொற்களோடு கலந்து பேசும், எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். 'மில்க்'கும் 'பாலு'ம் இரண்டு சொற்கள். உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ அதில் கொஞ்சுங்கள், தடுமாறும் இங்கிலீஷில் "கம் ஹியர், டோன்ட் டச்" என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கரண்டியைக் கீழே போடும் வயது

ஏழெட்டு மாதத்திலிருந்து குழந்தை உங்களை வேலை வாங்க ஆரம்பிக்கும். கரண்டியைப் போடும், எட்டிப் பார்க்கும், நீங்கள் எடுத்துத் தருவீர்கள், மறுபடி போடும். குறும்பு என்று நினைக்க வேண்டாம், அது சோதனை செய்கிறது: விட்டால் விழுமா, ஒவ்வொரு தடவையும் விழுமா, சத்தம் வருமா, டம்ளர் போட்டால் வேறு சத்தமா, அப்பா எத்தனை தடவை எடுப்பார். பத்துத் தடவை எடுங்கள், பதினோராவது தடவை கரண்டியை ஒளித்துவிடுங்கள்.

ஒளிப்பதே ஒரு பாடம். கண்ணுக்குத் தெரியாத பொருளும் எங்கோ இருக்கிறது என்பது குழந்தைக்கு எட்டு மாத வாக்கில்தான் வருகிறது என்று ழான் பியாஜே எழுதினார், அதைவிடச் சீக்கிரமே வருகிறது என்று பிறகு வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு துண்டுகளை விரித்து, முதல் துண்டுக்கு அடியில் சாவியை நாலைந்து தடவை ஒளித்து எடுக்கவிடுங்கள். அப்புறம் குழந்தையின் கண் முன்னாலேயே இரண்டாவது துண்டுக்கு அடியில் வையுங்கள். ஒன்பது மாதக் குழந்தை பெரும்பாலும் முதல் துண்டையே தூக்கிப் பார்த்து ஏமாறும். இரண்டு மூன்று மாதம் கழித்து அதே ஆட்டத்தில் உங்களைத் தோற்கடித்துவிடும். சேலைத் தலைப்பால் முகத்தை மூடி "பாப்பா எங்க... இதோ!" என்பதும் இதே பாடம்தான், ஆனால் 'இதோ'வுக்கு முன்னால் அந்த இடைவெளியை விடுங்கள், குழந்தை தானே தலைப்பை இழுக்கட்டும்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் இதையெல்லாம் கவனித்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். பத்துப் பருவத்தை மூன்றாம் மாதத்திலிருந்து 21ஆம் மாதம்வரை ஒற்றைப்படை மாதங்களில் வரிசைப்படுத்துவது ஒரு மரபு: ஐந்தில் செங்கீரை, அதாவது கையை ஊன்றித் தலை தூக்கி ஆடுவது, ஒன்பதில் சப்பாணி, கை தட்டுவது, பதின்மூன்றில் வாரானை, வா என்றால் நடந்து வருவது, பதினைந்தில் அம்புலி, நிலாவைக் கூப்பிடுவது, பதினேழில் சிற்றில், மண்வீடு, 21இல் சிறுதேர் உருட்டுவது. பாட்டுடைத் தலைவன் கடவுளாகவோ அரசனாகவோ இருந்தாலும் மாதக் கணக்கு ஏதோ ஒரு வீட்டுக் குழந்தையைப் பார்த்து எழுதியதுபோலத்தான் இருக்கிறது.

அம்புலியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிலாவைக் காட்டுவதற்குள் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு வயதை ஒட்டி குழந்தை விரலை நீட்டிக் காட்ட ஆரம்பிக்கும். முதலில் வேண்டியதைக் கேட்டு நீட்டும், பிறகு எதுவும் வேண்டாமல் 'நீயும் பார்' என்று சும்மா காட்டுவதற்காகவே நீட்டும். இந்த இரண்டாவது விரல்தான் தங்கம். நான் பார்ப்பதை நீயும் பார்க்க முடியும், உன் மனசில் வேறு ஒன்று இருக்கலாம் என்று அதற்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த விரல் எங்கே போகிறதோ அங்கே போங்கள். நீங்கள் படப்புத்தகத்தில் யானையைக் காட்டிக்கொண்டிருக்கும்போது அது ஃபேனைக் காட்டினால் யானையை விட்டுவிடுங்கள். "ஃபேன்! ஃபேன் சுத்துது. நிறுத்தலாமா?" குழந்தை எதைப் பார்க்கிறதோ அதன் பெயர்தான் அந்த நொடியில் உள்ளே போய் ஒட்டும், நாம் திணிக்கும் பெயர் ஒட்டாது. ஃபிளாஷ் கார்டு மேல் எனக்கு இருக்கும் கோபமும் இதுதான்.

பொம்மைக்கு அடுப்பங்கரை போதும். எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று போகும், இட்லித் தட்டில் குழிகள் இருக்கின்றன, மூடி போட்ட டப்பாவில் கைப்பிடி அரிசி போட்டுக் குலுக்கிக் கொடுங்கள், மூடி இறுக்கமா என்று மட்டும் இரண்டு தரம் பாருங்கள். ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கும் எதுவும் வாய்க்குள் போய்த் தொண்டையில் அடைக்கலாம். வேர்க்கடலை, புளியங்கொட்டை, காசு, எல்லாவற்றையும்விட ரிமோட்டில் இருக்கும் பட்டன் பேட்டரி. அது உள்ளே போனால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும், வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பேச்சு வந்த பிறகு

ஒன்றரை வயதில் மூன்று நான்கு சொற்கள், இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்து 'அப்பா வா', 'பால் இல்ல' என்பது. பெரும்பாலான குழந்தைகள் இந்த வேகத்தில் வருவார்கள், சில பிள்ளைகள் மளமளவென்று கொட்டும். இங்கே ஒரு சின்ன உத்தி. குழந்தை சொன்னதில் ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். 'காக்கா' என்றால் 'கறுப்புக் காக்கா', 'காக்கா போச்சு' என்றால் 'ஆமா, காக்கா பறந்து போச்சு'. 'வாயப்பயம்' என்றால் சிரிக்கவும் வேண்டாம், "ழ சொல்லு, ழழழ" என்று பாடாய்ப்படுத்தவும் வேண்டாம், "வாழைப்பழம் வேணுமா, இந்தா வாழைப்பழம்" என்று சரியான உச்சரிப்பைக் காதில் போட்டுவிட்டு உரித்துக் கொடுங்கள். ழ எல்லாம் கடைசியாக வரும் ஒலி, நாலைந்து வயதுகூட ஆகட்டும். விருந்தாளி முன்னால் நிறுத்தி "மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக்காட்டு" என்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், என் மகள் ஒரு வாரம் எந்தப் பாட்டையும் பாடாமல் இருந்ததற்கு நான்தான் காரணம்.

நாள் முழுக்க "இது என்ன கலர், இது எத்தனை" என்று பரீட்சை வைப்பதும் அப்படித்தான். விடை உங்களுக்குத் தெரியும் என்பது குழந்தைக்கும் தெரியும். உங்களுக்கு விடை தெரியாத கேள்விகளைக் கேளுங்கள்: "எந்தச் சட்டை போட்டுக்கலாம்?", "நாய் ஏன் படுத்திருக்கு?" மறுபடியும் பத்து வரை எண்ணுங்கள். ஒரே கதையை முப்பது நாள் படிக்கச் சொன்னால் முப்பது நாளும் படியுங்கள், நடுவில் ஒரு சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டு நிறுத்துங்கள், அது நிரப்பும். இரண்டு வயது அடத்தைப் பற்றி ஒரு வரி: அதற்குச் சொல்லத் தெரியாத கோபத்துக்கு நீங்கள் பெயர் வைத்துக் கொடுங்கள், "பொம்மை உடைஞ்சதால கோவம் வந்துச்சா" என்று, அழுகை உடனே நிற்காது, ஆனால் அடுத்த வருடம் 'கோவம்' என்ற சொல் அடிக்குப் பதிலாக வாயிலிருந்து வரும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

இவ்வளவு நேரம் காத்திருங்கள் என்றேன், சில விஷயங்களில் காத்திருக்கவே கூடாது. பின்னாலிருந்து பாத்திரம் விழும் சத்தத்துக்குத் திரும்பாத குழந்தை, ஒன்பது பத்து மாதமாகியும் 'பாபா, தாதா' என்று மழலை அடுக்காத குழந்தை, பெயர் சொன்னால் பார்க்காத குழந்தை, பதினெட்டு மாதமாகியும் எதையும் விரல் நீட்டிக் காட்டாத குழந்தை. எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த சொல்லோ சிரிப்போ திரும்பப் போய்விட்டால் எந்த வயதாக இருந்தாலும் அந்த வாரமே டாக்டரிடம் போங்கள். "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான், ஆம்பளைப் புள்ளைங்க லேட்டாதான் பேசும்" என்று வீட்டில் சொல்வார்கள். பல நேரம் அது உண்மையாகவே இருக்கும், ஆனால் எந்தக் குழந்தைக்கு உண்மை என்பது சோதித்த பிறகுதான் தெரியும். நாக்கில் வசம்பு உரசித் தடவினால் பேச்சு வரும் என்று கையில் எடுத்தால் தடுத்துவிடுங்கள், ஒரு வயதுக்குள் தேனும் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தைக்கு தசைகள் தளர்ந்து செயலிழக்கும், உயிருக்கே ஆபத்தான நோயைத் தரலாம்.

பேச்சு வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது காது. கேட்காத காதுக்கு நான் மேலே எழுதிய எதுவும் பயன்படாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் கேட்கும் திறனைச் சோதித்து, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதுதான் உலகம் முழுக்க வைத்திருக்கும் கணக்கு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் காது, பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் பணம் கட்டாமல் பார்க்கலாம். காது முழுக்கக் கேட்காத ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு காக்ளியர் உள்வைப்பு (ஒலியை நேராகக் காது நரம்புக்கு அனுப்பும் கருவியை உள்ளே பொருத்தும்) அறுவை சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. காது கேட்கிறதா என்று பார்க்கும் முதல் பரிசோதனை வலிக்காது, காதில் சின்ன ரப்பர் முனையை வைத்து ஒலி அனுப்பி உள்ளிருந்து வரும் எதிரொலியை மிஷின் படிக்கும், சில நிமிட வேலை. குழந்தை அசையாமல் இருக்க வேண்டும் என்பதால் தூங்கும்போது செய்வதுதான் சுலபம், அதனால் காலையில் கொஞ்ச நேரம் தூங்கவிடாமல் வைத்திருந்து, ஆஸ்பத்திரி வாசலில் வயிறு நிறையப் பால் கொடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.